பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில்

கோபக்காரர்களுக்கு அக்குபிரஷர் செய்வதில் ஒரு சங்கடம், வருகிறவர்கள் எல்லாருமே கோபமாகத்தான் வருவார்கள். குக்கர் விசிலுக்கே எரிந்து விழும் என் இனத்தாரே, உங்களுக்குப் புரியும். கான்வென்ட் சிஸ்டர்கள் கோபத்தைப் பாவம் என்றார்கள். சீன வைத்தியமோ அதைக் கல்லீரலின் சங்கதி என்கிறது. விழுங்கிய கோபம் அங்கே சக்தி ஓட்டத்தை அடைத்துக்கொள்ளுமாம். அப்படி அடைத்திருந்தால் பாதத்தில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அழுத்தும்போது வலிக்குமாம், அழுத்த அழுத்தக் கரையுமாம். நம் தீவின் நத்தை வேக இன்டர்நெட்டோடு மல்லுக்கட்டி இதை நான் படித்தது என் மகள் நிர்மலாவுக்காக. என்னோடு சண்டை போட்டு மெயின்லாண்டுக்கு வேலைக்குப் போனவள், இரண்டு வருஷமாக அப்பாவிடம் மட்டும்தான் போனில் பேசினாள்.

முதல் கால்

டெலானிபூரில் மீன் விற்கும் ரோஸிதான் என் முதல் கேஸ். புருஷனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறதாம். விரலை வைத்ததும் காலை உதறினாள். அசையாமல் உட்காரத் தெரியாதா, குழந்தையா நீ என்று பிடித்துக்கொண்டேன். பத்து நிமிஷம் பொறுத்தாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: "தீதி, கோபம் குறையணும்னு வந்தேன். நீங்க போடுற சத்தத்துல ஏறிக்கிட்டே போகுது."

வீட்டுக் கால்

சரி, வீட்டிலேயே பழகுவோம் என்று கணவரின் காலைக் கேட்டேன். இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாதவர். கோபமே வராத ஜென்மம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், பெருமையாக அல்ல. லேசாகத்தான் தொட்டேன். மனுஷன் அலறிக்கொண்டு எழுந்துவிட்டார். இத்தனை கோபத்தை வாயால் சொன்னால் என்ன என்று கத்தினேன். காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுல ஒருத்தர் கத்தினா போதும்னு இருந்துட்டேன், ஸ்டெல்லா."

நிர்மலாவின் கால்

போன மாதம் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக வந்தாள், நாலே நாள். கிளம்பும் அன்று, ஏர்போர்ட் நம் லம்பா லைன் வீட்டுக்குப் பக்கம்தானே, நேரமிருக்கிறது என்று பாதத்தை நீட்டச் சொன்னேன். மறுக்காமல் நீட்டினாள். அழுத்தினேன், முகத்தில் அசைவே இல்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். ஒன்றுமில்லை. அப்பாடா, என் மேல் கோபம் மிச்சமில்லை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்லவும் செய்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "நல்லா வலிச்சுதும்மா. உங்க முன்னாடி முகத்தைச் சுளிக்கக் கூடாதுன்னு அஞ்சாங்கிளாஸ்லயே பழகிட்டேன்."

அவள் போனபிறகு என் பாதத்தையும் அழுத்திப் பார்த்தேன். ஒரு கோபத்தைக்கூட விழுங்கி அறியாத அந்த இடம், பாழாய்ப்போனது, கொஞ்சமும் வலிக்கவில்லை.