சிலிண்டர் தாங்கிய கல்

மந்தைவெளியை விட்டு நடந்துகொண்டிருந்தோம். அப்பாவின் தோளில் ட்ரில்லிங் மிஷின் பை, என் கக்கத்தில் பாய். பள்ளிக்கூட நாள்தான், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மத்தியான வெயிலில் தெரு, தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் ஆடியது. நாங்கள் மிதந்து போவதாக நினைத்துக்கொண்டேன்.

அதுவரை அத்தை வீட்டுச் சமையலறையில்தான் படுத்தோம். அந்த இடத்துக்குக் கைம்மாறாக அப்பா சமையல் மேடையை நீட்டிக் கொடுத்தார். புதுக் கிரானைட் கல்லின் ஒரு பகுதி பழைய மேடைமேல், மீதி அந்தரத்தில். அதைத் தாங்க, சுவரில் துளை போட்டு இரும்பு ஆங்கிள் முடுக்க வேண்டும். மிஷினை எடுத்ததுமே அத்தை குறுக்கே வந்தாள்.

"மருமவ மாசமா கீறா. செவுத்துல ஓட்ட போடுவியாடா நீ?"

இப்படிப்பட்ட பேச்சுக்குச் சிரிக்கிற அப்பா அன்று சிரிக்கவில்லை. சும்மா நின்ற ஸ்பேர் சிலிண்டரை உருட்டிவந்து, மேலே பலகை வைத்துக் கல்லுக்கு முட்டுக் கொடுத்தார். குழந்தை பிறந்ததும் ஆங்கிள் போடுவதாகச் சொன்னார்.

"இன்னா மச்சான், என் ஊட்டையே கேஸ் மேல குந்த வெச்சிட்ட" என்றார் அத்தையின் கணவரான மாமா.

காலையில் கண் விழித்தால் கல்லின் பாலிஷ் போடாத அடிப்பக்கம் மேகமாகத் தெரியும். அதில் யானை இருந்தது. ஒரு கப்பலும்.

ஒருநாள் சமையல் பாதியில் கேஸ் தீர்ந்தது. அப்பா வெளியே போயிருந்தார். மாமா முட்டுக் கொடுத்திருந்ததை மறந்து, வழக்கம்போல ஸ்பேர் சிலிண்டரை இழுத்தார். கல் மருமகளின் காலருகே விழுந்து உடைந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்பா சாப்பிட வந்தபோது அத்தை சோறு போடவில்லை. "ஒருத்திய வாரிக்குடுத்தது போதாதா? புள்ளய இட்டுகினு கெளம்பு."

அந்த ஒருத்தி, என்னைப் பெற்ற அன்றே போன அம்மா. நான் அவள் வயிற்றிலிருந்தபோது, தொட்டில் கொக்கிக்காக அப்பா சுவரில் துளை போட்டிருந்தாராம். இதெல்லாம் பிற்பாடுதான் தெரியும்.

அன்றிரவு தேனாம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் படுத்தோம். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை கே.கே. நகரில், தூண்களும் தளங்களும் மட்டும் எழும்பியிருந்த ஒரு கட்டடத்தில் மேஸ்திரி கேட்டார்: "கைல மிஷின் வெச்சிகினு வாட்ச்மேன் வேலயா கேக்கற?"

"புள்ளைக்குப் படுக்க எடம் வோணும்ண்ணே."

அப்பாவுக்கு அந்த வேலை கிடைத்தது. நான் மாடி மாடியாக ஓடிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய வீடு எங்களுக்குக் கிடைத்த பிறகும், அப்பா ஏன் வாசலிலேயே நிற்கிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.