ஒரே வயரில் கேட்டவர்

கரமனை நீலகண்டன் காலமான செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இரண்டு சாயங்காலம் ஆற்றங்கரை பெஞ்சில் காத்திருந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மகள் மீனா வாசலுக்கு வந்தாள். "மாமா, இப்பத்தான் வரேளா? ஒம்போது தடவை கூப்பிட்டேன். எல்லாம் கழிஞ்சாச்சு" என்றாள். என் போன் வலியசாலை வீட்டில், அலமாரிக்குள், அணைந்து கிடந்தது.

எங்களை அந்தப் பெஞ்சில் பார்த்தவர்களுக்குத் தெரியும். என்னிடம் தீப்பெட்டி அளவில் ஒரு சிறிய மியூசிக் பிளேயர் இருக்கிறது. பாடும், வேறொன்றும் செய்யாது. அவருக்கு வலது காது கேட்காது. அதனால் இயர்போனின் இடது பக்கம் அவருக்கு, வலது பக்கம் எனக்கு. பதினொரு வருடம் ஒரே வயரில் கச்சேரி கேட்டோம். நான் யாரிடமும் உட்கார்ந்து சங்கீதம் படித்தவன் இல்லை, கேட்டுக் கேட்டுப் பிடித்தவன். படித்தவர்கள் அதை மதித்ததில்லை. நீலகண்டன் மட்டும், "ஓய், இது என்ன ராகம், சொல்லும்" என்று என்னிடம் கேட்பார். தப்பாகச் சொன்னால், "சாரமில்லை, போகட்டும், பாடறவருக்கே சம்சயம்தான்" என்பார்.

போன வருடம் மீனா அவருக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாள். "எல்லாம் இதுலயே இருக்கு ஓய். உம்ம தீப்பெட்டியை ஆத்துல எறியும்" என்றார். ஒரு நாள் அதில் கேட்கச் சம்மதித்தேன். தோடி ஆலாபனை மேலே ஏறிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. பாட்டு நின்றது. அவர் மகளிடம் தேங்காய் வாங்குவது பற்றிப் பேசினார். நான் என் பக்கத்தைக் கழற்றி அவர் மடியில் போட்டேன்.

"உமக்கென்ன பிராந்தா, புத்தி கெட்டுப்போச்சா? தோடி எங்கேயும் ஓடிப்போகாது. மோள் கூப்பிட்டா எடுக்க வேண்டாமா?"

"பாட்டு கேக்கறபோது பாட்டு மட்டும். போனைத் தனியா வெச்சுக்கும்."

"நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உம்ம தீப்பெட்டி மணி அடிக்குமா?"

அன்று முதல் அதே பெஞ்சில் ஆளுக்கொரு வயரில் கேட்டோம். வீம்புக்கென்றே என் போனை அலமாரியில் அணைத்து வைத்தேன்.

அன்று ஆஸ்பத்திரியில், கடைசி நேரத்தில், தோடியைப் போடச் சொன்னாராம். மீனா போனில் போட்டிருக்கிறாள். ஒரு பக்கத்தை இடது காதில் மாட்டிக்கொண்டு, மற்றதைக் கையில் நீட்டிப் பிடித்திருந்தாராம்.

"யாருக்குப்பான்னு கேட்டேன் மாமா. 'அவர் வருவார்'னு சொன்னார்."

இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. எதுவும் வரவில்லை. பாட்டு கேட்கப் பிளேயர்தான் என்று இன்றும் சொல்வேன். அவர் எதிரே இருந்தாலும் சொல்வேன். போனை இப்போது அணைக்காமல் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அது அடிப்பதில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது இயர்போனின் இடது பக்கம் மட்டும். எனக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும். அதை இன்னும் மாட்டிக்கொள்ளவில்லை.