எதிர்க்கடை எண்கள்

2004ஆம் ஆண்டு கோடை. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அருகில் நான்கு கம்ப்யூட்டர்களுடன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நிலக்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண் எதிரிலேயே இன்னொன்று திறந்தார். இரண்டே மாதத்தில் என் வாடிக்கையாளர்கள் சாலையைக் கடந்துவிட்டார்கள். "அங்க டக்குனு வருதுண்ணே" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் கடை வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவது என் அன்றாட வேலையானது.

பிளஸ் டூ முடிவு வருவதற்கு முந்தின நாள், அவர் வெளியே போன நேரம் பார்த்து, வாடிக்கையாளர்போல அங்கே போய் உட்கார்ந்தேன். நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்து, அதிலிருந்த எண்களைத் தாளில் குறித்துக்கொண்டேன். வேகத்தின் ரகசியம் அந்த எண்களில்தான் இருக்கிறது என்று நம்பினேன். மறுநாள் காலை அதே எண்களை என் நான்கு கம்ப்யூட்டரிலும் போட்டேன்.

நான்கிலும் இணையம் நின்றுபோனது. முன்பு எப்படி இருந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. அதற்குள் முடிவு பார்க்கக் கூட்டம் வந்துவிட்டது. நத்தத்திலிருந்து மகளோடு வந்தவர், "ஏப்பா, புள்ளைகதான் பெயிலாகும்னு பாத்தா, ஒன் கம்ப்யூட்டரே பெயிலாயிருச்சே!" என்றார். சிரித்தபடி எல்லோரும் எதிர்க்கடைக்கு நகர்ந்தார்கள்.

சற்று நேரத்தில் அந்தப் பெண்ணே வந்தார். பின்னால் நத்தத்துக்காரரும் மகளும் இன்னும் சிலரும்.

"அண்ணே, அங்க நிக்க எடமில்ல. இவங்களுக்கு நீங்க பாத்துச் சொல்றீங்களா?"

"லைன் வரலை" என்றேன்.

"செத்த தள்ளுங்க, பாப்போம்."

உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறந்தார். மவுஸில் இருந்த கை நின்றது. திரையில் இருந்தவை அவர் கடை எண்கள். தினமும் பார்க்கிறவருக்குத் தெரியாதா? என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மேசைமேல் கிடந்த தாளை நான் கையால் மறைத்தேன்.

எண்களை அழித்தார். கம்ப்யூட்டரே எண்களைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார். பக்கம் திறந்தது.

"என்னம்மா கோளாறு?" என்று கேட்டார் நத்தத்துக்காரர்.

"ஒண்ணுமில்லய்யா, லைன் கோளாறுதான். சரியாயிருச்சு" என்றவர், மற்ற மூன்றையும் மாற்றிவிட்டுப் போய்விட்டார். நத்தத்துக்காரரின் மகள் பாஸ். அன்று மாலைவரை என் கடை வாசலிலும் செருப்புகள் கிடந்தன.

அவர் கடையின் வேகத்தைப் பிறகு வேறு இணைப்பு எடுத்து நானும் பெற்றுவிட்டேன். கண்டுபிடித்த திருட்டை அப்படி ஒரே வார்த்தையில் மூடிவிட என்னால் முடிந்திருக்காது என்று தெரியும்; அந்தப் பொறாமை மட்டும் இன்னும் தீரவில்லை.