ஒரு படத்தில் நாலு வடக்கு

சரோஜினிதேவி எந்தத் துணித்துண்டையும் எடுத்தவுடன் வெட்டமாட்டார். முதலில் அதை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலோட்டம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் இரண்டு மூலையிலும் பிடித்துக் குறுக்காக இழுத்து வழிக்குக் கொண்டுவருவார். பிறகு மூலைமட்டத்தை வைத்து, தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டால் கோடு கீறுவார். நாலரை அங்குலம். அதில் ஒரு மயிரிழை கூடினாலும் அந்தத் துண்டு அடுப்படி துடைக்கப் போய்விடும்.

"கோணலாக் கிடந்தா கோப்பை விழாதுதான். ஆனா எனக்குக் கண்ணுக்குள்ள குத்தும்" என்பார்.

யாழ்ப்பாணத்து நில அளவைக் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் வரைபடம் கீறியவருக்குக் கண்ணில் குத்தாமல் என்ன செய்யும். ஓய்வு பெற்று, இடம்பெயர்ந்து, தொண்ணூற்றாறில் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பேர்ணடெற் என்ற பெண்மணியின் வீட்டுப் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதியும் பத்திரத்தில் பேர்ணடெற் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார். வடக்கில் போர் நடந்த அந்த நாட்களில், யாழ்ப்பாணத்துத் தமிழரைச் சந்தேகத்துடன் பார்த்த கொழும்பில், அது சின்ன உபகாரம் அல்ல.

அப்படிப்பட்டவருடைய தேக்குமர மேசையில்தான் சரோஜினிதேவி முதல் வாரமே சூடான தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார். வெள்ளை வளையம் விழுந்தது. பேர்ணடெற் காலையும் மாலையும் தேங்காயெண்ணெய் தொட்டு அந்த வளையத்தைத் தேய்த்தார், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஏச்சே வாங்கியிருக்கலாம். மூன்றாம் நாள் சரோஜினிதேவி அடிமட்டத்தை எடுத்து வளையத்தின் விட்டத்தை அளந்தார். மூன்று அங்குலம். அன்று பின்னேரமே, கோப்பைக்கு அடியில் வைக்க, நாலு அங்குலத்தில் முதல் துணிக் கோஸ்டர் மேசைக்கு வந்தது.

செய்கிற விதம் லேசு. அடியில் பழைய துவாய்த் துண்டு, அதன் மேல் ஒரு சதுரத் துணி. இன்னும் நாலு சதுரங்களை இரண்டாக மடித்து அதற்கு மேல் அடுக்கி, அட்டைப் பெட்டியின் மூடிகளைச் செருகுவது போல ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும். நாலு பக்கமும் தைத்து, நடுவில் விரலை விட்டு உள்ளை வெளியாகப் புரட்டினால் முடிந்தது. துணிக்குப் பஞ்சமில்லை. ஒழுங்கை முனையில், காலி வீதியில் கடை வைத்திருந்த தையல்காரர் நிலாம் வெட்டி மிஞ்சியதையெல்லாம் உரப்பையில் கட்டித் தருவார். இதனால் ஒழுங்கைப் பெண்களின் சட்டைத் துணி முழுவதும் காலப்போக்கில் பேர்ணடெற் மேசைக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கனகேஸ்வரி ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே கீழே உற்றுப் பார்த்தார்.

"உது என்ரை கலியாணவீட்டுச் சட்டையெல்லோ?"

"ஓம். உங்களுக்கெண்டுதான் அதை எடுத்து வைச்சனான்" என்றார் சரோஜினிதேவி, மிகுந்த மரியாதையுடன்.

பேர்ணடெற்றுக்கும் இந்த வேலையில் ஆசை வந்தது. பம்பலப்பிட்டியில் தன்னுடைய மாதர் சங்கத்துக்கும் சரோ அக்காவைக் கூட்டிப்போய் அதைச் செய்துகாட்டச் சொல்ல விரும்பினார். மறந்துவிடாமல் இருக்கட்டும் என்று செய்முறையைச் சரோஜினிதேவி ஒரு தாளில் கீறிக் கொடுத்தார். கறுப்பு மையில் சதுரம், அதற்குள் புள்ளிக்கோடுகள், அ, ஆ, இ, ஈ என்று நாலு பகுதி, எது எதற்குள் போகவேண்டும் என்று நாலு அம்புக்குறி. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஒரு காலைப்பொழுதில், அந்தத் தாளுடனும் துணிப் பையுடனும், இரண்டு பேரும் வெள்ளவத்தைப் பாலத்துச் சோதனைச்சாவடிக்கு நடந்து வந்தார்கள்.

சாவடியில் நின்ற பொலிஸ் சார்ஜன் முதலில் சரோஜினிதேவியின் அடையாள அட்டையைப் பார்த்தார். யாழ்ப்பாண விலாசம். பிறகு பையைத் திறந்தார். தாள் வெளியே வந்தது. அவர் அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"மேக்க சிதியமக்த?"

இது வரைபடமா என்று கேட்கிறார். சரோஜினிதேவிக்குச் சிங்களம் போதாது. ஆனால் அந்தச் சொல் கந்தோரில் தினமும் காதில் விழுந்த சொல். பக்கத்து வாங்குப் பலகையில், பொலிசிடம் அடையாள அட்டையைப் பறிகொடுத்த மூன்று பேர் காலை முதல் உட்கார்ந்திருந்தார்கள். பேர்ணடெற் பயந்துபோய் அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தார். சரோஜினிதேவிக்கும் பயம்தான். ஆனால் பயத்தை முந்திக்கொண்டு வேறொன்று வந்தது.

"இதையோ வரைபடம் எண்டு கேக்கிறார்? அளவுத்திட்டம் எங்கை? வடக்கு எங்கை?"

சார்ஜன் அம்புக்குறி ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"நாலு அம்பு கிடக்கு. ஒரு படத்தில நாலு வடக்கு வருமோ எண்டு கேளும், பேர்ணடெற். நான் இருவத்தெட்டு வருசம் கீறினனான். இப்பிடி ஒண்டைக் குடுத்திருந்தா முதல் நாளே வீட்டை அனுப்பியிருப்பாங்கள்."

பேர்ணடெற் சார்ஜனிடம் சிங்களத்தில் சொன்னது: "மன்னிச்சுக்கொள்ளுங்க சேர், வயசான மனுசி, இது தையல் வேலை." பிறகு தமிழில், உதடு அசையாமல்: "அக்கா, கர்த்தர் பேரில கேக்கிறன், வடக்கு எண்டு மட்டும் சொல்லாதீங்க."

சார்ஜன் நம்பவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாங்கைக் காட்டினார்.

சரோஜினிதேவி வாங்குக்குப் போகவில்லை. சாவடி மேசையருகே கிடந்த ஸ்டூலில் அமர்ந்து, பையிலிருந்து துவாய்த் துண்டையும் ஐந்து சதுரங்களையும் ஊசிநூலையும் எடுத்தார். மணல்மூட்டைக்குப் பின்னால் நின்ற பெண் பொலிஸ் துவக்கின் குழலைச் சற்று உயர்த்தி, ஊசியைக் கண்டதும் தாழ்த்தினார். சரோஜினிதேவி நாலு சதுரங்களை ஒவ்வொன்றாக மடித்து வைக்கும்போது அ, ஆ, இ, ஈ என்று உரக்கச் சொன்னார். பிறகு தைக்கத் தொடங்கினார்.

கையால் நாலு பக்கம் தைப்பது ஐந்து நிமிட வேலை அல்ல. வரிசை நீண்டது. பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றி, போயும்விட்டது. "அக்கா, கொஞ்சம் பெரிய தையலாப் போடுங்களே" என்று பேர்ணடெற் கெஞ்சினார்.

"பெரிசாப் போட்டா பிரிஞ்சு போகும்."

நாலாவது பக்கமும் முடிந்தபோது கையில் இருந்தது துவாய்த் துண்டு ஒட்டிய அசிங்கமான ஒரு பொட்டலம். சார்ஜன் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். சரோஜினிதேவி நடுவில் விரலை விட்டு ஒரு புரட்டுப் புரட்டினார். நிலாமின் கடைத் துணிகள் நான்கும், பச்சையும் மஞ்சளும் பூப்போட்டதும் கோடிட்டதுமாக, ஒன்றின் கைக்குள் மற்றது போய்ச் சதுரமாக வெளியே வந்தன. பெண் பொலிஸ் தன்னை மறந்து கிட்ட வந்துவிட்டார்.

சார்ஜன் தாளை வெளியே எடுத்து விரித்தார். தாளையும் துணியையும் அம்பு அம்பாக ஒப்பிட்டார். அவர் சிரிக்கவில்லை. அடையாள அட்டையை நீட்டி, "ஹரி, யன்ன" என்றார், போகலாம் என்று. வாங்கில் இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள்.

பேர்ணடெற் பையை அள்ளிக்கொண்டு பாலத்தில் பாதி தூரம் போய்விட்டார். அந்த நேரம் பக்கத்துக் கடையிலிருந்து சார்ஜனுக்குப் பால் விடாத பிளேன்ரீ வந்தது. அவர் கிளாஸை வாங்கி, யோசித்து, மேசையில் கிடந்த கோஸ்டரின் மேல் வைத்தார்.

புறப்பட எழுந்த சரோஜினிதேவி நின்றார். குனிந்து, கிளாஸில் கை படாமல், கோஸ்டரின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, மேசை விளிம்புக்கு நேராக வரும் வரை மெல்லத் திருப்பினார்.