ஆர்டிஸை விட்டுவிட்டுப் போன கேரவன்

ஆர்டிஸ் ஹால்வர்சனுக்குப் பயம் என்பது மூட்டுவலி மாதிரி. காலையில் அவளோடு எழுந்திருக்கும். ராத்திரி அவள் கண்ணை மூடிய பிறகும் விழித்துக் கிடக்கும். வடக்கு டகோட்டாவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த காலமெல்லாம், அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு போனவள் அவள். ஒரு நாளும் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததில்லை. "திரும்பிப் போய்ப் பாக்கறதாலதான் எரியல" என்பாள்.

அவள் புருஷன் வெண்டல் அதற்கு நேர் எதிர். ரயிலடியில் இருந்த தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பனிப்புயல் அடித்தாலும், மகள் பிறந்தாலும், கோதுமை விலை படுத்தாலும் அவன் வாயில் வருவது ஒரே சொல்தான். "மோசமில்ல." வீட்டை விற்று, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும், வெள்ளையில் பழுப்புக் கோடு போட்ட ஒரு பழைய கேரவனை வாங்கி, ஊர் ஊராகச் சுற்றலாம் என்று இருவரும் முடிவு செய்த அந்தக் குளிர்காலத்தில்தான் அவனுக்கு மாரடைப்பு வந்தது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, மயக்கம் தெளிந்து, டாக்டர் "எப்படி இருக்கு?" என்று கேட்டபோதும் அவன் "மோசமில்ல" என்றுதான் சொன்னான்.

வசந்தம் வந்ததும் பிரயாணம் போகலாம் என்று டாக்டர் விட்டுவிட்டார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சின்னக் குப்பியில் மாத்திரை கொடுத்தார். வெண்டல் சாவியையே நாளுக்கு இரண்டு தடவை தொலைக்கிற ஆள். அதனால் குப்பி ஆர்டிஸின் ஸ்வெட்டர் பையில் குடியேறியது. தூங்கும்போது தலையணைக்கு அடியில்.

ஜூன் மாதம் கிளம்பினார்கள். சுவர் முழுக்க மக்காச்சோளக் கதிரால் சித்திரம் போட்ட கட்டடத்தைப் பார்த்தார்கள். மலையில் செதுக்கிய ஜனாதிபதிகளின் முகங்களைப் பார்த்தார்கள். வெண்டல் தொப்பியைப் பின்னால் தள்ளி அண்ணாந்து பார்ப்பான். ஆர்டிஸ் முதலில் கைப்பிடிக் கம்பி எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு அவன் அதற்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறான் என்று பார்ப்பாள்.

பேட்லாண்ட்ஸில், மண்குன்றுகள் வெயிலில் வரிவரியாகச் சிவந்து கிடந்த இடத்தில், வெண்டல் கம்பியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் அசையாமல் நின்றான். இன்னொரு கை நெஞ்சில் இருந்தது.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. சாண்ட்விச்சுல நீ வெச்ச ஊறுகாய் ஜாஸ்தி."

அன்று சாயங்காலம் ஆர்டிஸ் குளியலறைப் பக்கம் போய், ஃபார்கோவில் இருக்கும் மகள் சோன்யாவிடம் போனில் விஷயத்தைக் கிசுகிசுத்தாள். மறுநாள் காலையில் சோன்யா அப்பாவையே கூப்பிட்டுவிட்டாள். "அப்பா, வண்டிய வித்துட்டு இங்க வந்துடுங்க. கீழ்த்தளத்துல ரூம் சும்மாதான் கெடக்கு." வெண்டல் "சரிம்மா, யோசிக்கறேன்" என்று போனை வைத்தான். பிறகு ஆர்டிஸைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாம சொல்லிட்டே இல்ல?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை. அவர்கள் ஊர்க்காரர்கள் சண்டை போடுவதே அப்படித்தான். சத்தம் வந்தால் சமாதானம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். வயோமிங் எல்லை தாண்டியும் அவன் வாயைத் திறக்கவில்லை. ஆர்டிஸும் திறக்கவில்லை.

பஃபலோ என்ற ஊருக்கு வருவதற்கு முன்பே அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. கேரவனின் பின்பக்க அறைக்குப் போய், திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திப் படுத்தாள். வெண்டல் பேசாமல் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அதில் அன்பு இருந்ததா, வெறும் கடமையா என்று யோசித்தபடியே அவள் கண் அயர்ந்தாள்.

எஞ்சின் நின்றதும் விழிப்பு வந்தது. ஊர்க்கோடியில் ஒரு பெட்ரோல் பங்க். வெண்டல் அந்தப் பக்கம் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது என்கிற வீம்பு.

அங்கே வரிசை. திரும்பி வந்தபோது பம்பின் பக்கத்தில் கேரவன் இல்லை. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

காற்றுப் பிடிக்கும் இடத்துக்கு நகர்த்தியிருப்பான் என்று கட்டடத்தைச் சுற்றி வந்தாள். அங்கேயும் இல்லை. மேற்கே பிக்ஹார்ன் மலை எழும்பி நின்றது. அவர்கள் போகவிருந்த சாலை அதற்குள் ஏறிப் போனது.

வேண்டுமென்றேதான் போய்விட்டானோ? அப்படி நினைத்ததற்காகப் பின்னாளில் அவள் வெட்கப்பட்டாள். ஆனால் அந்த நேரத்தில் நினைத்தாள். இரண்டு நாள் பேசாதவன், மூன்றாம் நாள் விட்டுவிட்டுப் போவது என்ன பெரிய அதிசயம்?

அப்போது கை தன்னால் ஸ்வெட்டர் பைக்குப் போனது. குப்பி விரலில் தட்டுப்பட்டது. மலை உச்சியில், மூச்சு வாங்க வைக்கும் கணவாயை நோக்கி வெண்டல் மாத்திரை இல்லாமல் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறான்.

கடைக்குள் ஓடினாள். கல்லாவில் சிவப்புச் சாயம் பூசிய தலையோடு ஆகிருதியான ஒரு பெண். சட்டையில் 'ட்ரூடி' என்று பெயர் தைத்திருந்தது.

"என் புருஷன் என்னை விட்டுட்டுப் போயிட்டாரு!"

"எனக்கு ரெண்டு பேரு அப்படித்தான் போனாங்க கண்ணு. காபி குடிக்கிறியா?"

"இல்லம்மா, இப்பத்தான்! கேரவனோட! நான் பின்னாடி தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டுப் போறாரு. அவருக்கு இதய வியாதி. மாத்திரை என்கிட்ட இருக்கு!"

ட்ரூடியின் முகம் மாறியது. "அவரு நம்பர் சொல்லு."

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். நம்பர் வரவில்லை. விற்றுவிட்ட வீட்டுப் போன் நம்பர் ஞாபகம் வந்தது. சோன்யாவின் நம்பரும் வரவில்லை. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அவளுடைய சொந்த நம்பர் மட்டும்தான். அந்தப் போன் கேரவனில், கைப்பையில் கிடந்தது. தலைவலிக்காக அதன் சத்தத்தையும் அணைத்து வைத்திருந்தாள். இருந்தாலும் ட்ரூடி அந்த நம்பரை அழுத்தினாள். மணி அடித்து ஓய்ந்ததும் ஆர்டிஸின் குரலே பேசியது, உற்சாகமாக: "நான் ஆர்டிஸ். இப்ப போன எடுக்க முடியல. எல்லாரும் சௌக்கியமா இருப்பீங்கன்னு நம்பறேன்!"

"வெண்டல்," என்று ஆர்டிஸ் தன் குரலுக்குப் பதில் சொன்னாள். "நான் பெட்ரோல் பங்க்ல நிக்கறேன். மாத்திரை என்கிட்ட இருக்கு. திரும்பி வா."

ட்ரூடி உள்ளூர்ப் போலீஸான ஷெரிஃப் அலுவலகத்துக்கும் போன் பண்ணிச் சொன்னாள். நெடுஞ்சாலையில் பெரிய விபத்தாம். ஆட்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள், முடிந்த சீக்கிரம் ஒருவரை அனுப்புகிறோம் என்றார்கள்.

காபி வாங்க நின்ற ஒருத்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெயிலில் பதப்பட்ட முகம், அழுக்குத் தொப்பி. பெயர் கொலீன். குதிரைகளை ஓரிடத்தில் இறக்கிவிட்டு, காலி டிரெய்லரோடு மலைக்கு அந்தப் பக்கம் வீடு திரும்புகிறவள்.

"எந்தப் பக்கம் போனாரு?"

"மலைக்கு."

"நானும் அங்கதான் போறேன். ஏறுங்க."

"அவரு திரும்பி வந்தா நான் புடிச்சு வெச்சுக்கறேன்," என்று ட்ரூடி வாசல்வரை வந்தாள். "கட்டிப்போட கயிறுகூட இருக்கு."

ஏற்றத்தில் கொலீனின் பிக்கப் வண்டி முக்கி முனகியது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியையும் ஆர்டிஸ் உற்றுப் பார்த்தாள். சாலையோரப் பள்ளங்களையும் பார்த்தாள். எதைத் தேடுகிறோம் என்பதைத் தனக்கே சொல்லிக்கொள்ளாமல்.

"கல்யாணமாகி எத்தன வருஷம்?" என்றாள் கொலீன்.

"அம்பது ஆகப்போகுது."

"அப்ப வேணும்னு விட்டுட்டுப் போகல. போற ஆளா இருந்தா எப்பவோ போயிருப்பாரு."

ஆர்டிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த ஒரு முள் மட்டும் கொஞ்சம் வெளியே வந்தது போல இருந்தது.

ஒரு காட்சி முனையில் வெள்ளைக் கேரவன் நின்றது. கிட்டப் போனால் வேறு யாரோ. நாற்காலி போட்டு உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பழுப்புக் கோடு போட்டதா? ஆமா, போச்சே," என்றார் அந்தப் பெரியவர். "ஆமை மாதிரி போச்சு. பின்னாடி நாலஞ்சு கார் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்துச்சு."

ஆமை மாதிரியா? வெண்டல் அப்படி ஓட்டுகிறவன் இல்லையே. நெஞ்சு வலிக்கிறதோ? கண் இருட்டுகிறதோ? "கொஞ்சம் வேகமா" என்று அவள் கொலீனிடம் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டிக்காரரிடம் அப்படிச் சொன்னாள்.

கணவாயின் உச்சியில் ஜூன் மாதத்திலும் பனி அழுக்காகத் தேங்கிக் கிடந்தது. அதைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, சாலை மலைப்பிளவுக்குள் சரேலென்று இறங்கியது. கொலீன் ஜன்னலை இறக்கி மூக்கை உறிஞ்சினாள்.

"யாரோ பிரேக்க வறுத்துக்கிட்டே எறங்கியிருக்காங்க."

கருகின ரப்பர் வாடை ஆர்டிஸின் தொண்டையைப் பிடித்தது. அடுத்த வளைவில் ஒரு ஆள் சாலையோரமாக மேலே ஏறி நடந்து வந்துகொண்டிருந்தான். தலையில் தொப்பி இல்லை. பத்தடிக்கு ஒரு தரம் நின்று, தடுப்புக் கம்பியில் வயிற்றை அழுத்திக் கீழே பள்ளத்தை எட்டிப் பார்த்தான். வாய் அசைந்தது. பிக்கப் நெருங்கியபோதுதான் அவன் என்ன கூப்பிடுகிறான் என்று கேட்டது.

"ஆர்டிஸ்! ஆர்டிஸ்!"

வண்டி நிற்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். வெண்டல் அவளைப் பார்த்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆவியைப் பார்ப்பது போல அவள் செருப்பிலிருந்து தலைவரை பார்த்தான்.

"நீ கீழ விழுந்துட்டேன்னு நெனச்சேன்."

"நான் எங்கயும் விழல. என்னை பங்க்ல விட்டுட்டு வந்துட்டே."

"பிரேக் பொகஞ்சுது," என்றான் மூச்சு இரைக்க. "நிறுத்திட்டு உன்னை எறக்கிவிடலாம்னு கதவைத் தெறந்தேன். படுக்க காலி. பக்கவாட்டுக் கதவு சரியா சாத்தாம ஆடிக்கிட்டிருந்துச்சு. தலை வலிக்குதேன்னு நீ படுத்திருக்கே, குலுங்கக் கூடாதுன்னு உருட்டிக்கிட்டு வந்தேன் ஆர்டிஸ். நீ எங்க விழுந்தேன்னு தெரியல. போன்லயும் சிக்னல் இல்ல." நிறுத்தினான். பிறகு தாழ்ந்த குரலில், "குதிச்சிட்டியோன்னுகூட நெனச்சேன். ரெண்டு நாளா நான் பேசலியே."

"குதிக்கறதா? பல்பு மாத்த நாற்காலி மேல ஏறவே எனக்கு நடுங்கும். ஓடற வண்டியிலேர்ந்து குதிப்பேனாக்கும்!" அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. "நீதான் என்னைக் கழட்டி விட்டுட்டேன்னு நான் நெனச்சேன்."

அவன் கை நெஞ்சுக்குப் போயிருந்தது.

"வெண்டல்? எப்படி இருக்கு?"

அவன் உதடு வழக்கமான அந்தச் சொல்லுக்குத் தயாரானதை அவள் பார்த்தாள். பிறகு அது நின்றது.

"வலிக்குது," என்றான்.

ஐம்பது வருஷத்தில் அவள் அதை அவன் வாயால் கேட்டதில்லை. குப்பியைத் திறக்கும்போது அவள் விரல் நடுங்கவில்லை. நாக்கைத் தூக்கச் சொன்னாள், மாத்திரையை வைத்தாள், பிக்கப்பின் படியில் உட்கார வைத்தாள். இத்தனை வருஷமும் வராததற்கெல்லாம் பயந்தவள், வந்தே விட்டபோது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவளாக இருந்தாள். கொலீன் தன் தொப்பியால் அவனுக்கு விசிறினாள்.

"இங்க நின்னு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தா பொழுது போயிடும்," என்றாள் கொலீன். "கூப்பிடவும் சிக்னல் இல்ல. ரெண்டு பேரும் ஏறுங்க."

சற்றுக் கீழே கேரவன் ஓரமாக நின்றது. முன்சக்கரங்களிலிருந்து இன்னும் லேசாகப் புகை வந்தது. கொலீன் ஒரு நிமிஷம் நிறுத்தினாள். ஆர்டிஸ் ஓடிப்போய்க் கைப்பையை எடுத்து, கதவைச் சாத்தி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். மலையடிவாரத்து ஊர் வருவதற்குள் வெண்டலுக்கு வலி குறைந்தது. ஆனால் அவன் அவள் கையை விடவில்லை, அவளும் அவன் மூச்சை எண்ணுவதை விடவில்லை.

அதற்கடுத்த ஊரான வொர்லண்டின் ஆஸ்பத்திரியில் வயர்களை ஒட்டி, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். புதிதாக மாரடைப்பு வரவில்லை. ஆனால் இன்னொரு குழாய் சுருங்குகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். ஆர்டிஸ் சொன்னதைக் கேட்டு, பேட்லாண்ட்ஸிலேயே வலித்ததா என்று அவர் விசாரித்தபோது வெண்டல் ஆர்டிஸைப் பார்த்துவிட்டு, "ஆமா. ஊறுகாய் இல்ல" என்றான்.

கட்டிலருகே ஆர்டிஸின் போன் அதிர்ந்தது. சோன்யா. ஆர்டிஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினாள். சொன்னால் மறுபடி பழைய கதைதான். சொல்லாவிட்டால் எப்படி?

"இப்படிக் குடு," என்று வெண்டல் கை நீட்டினான். "சோன்யா, அப்பா பேசறேன். நாங்க ஆஸ்பத்திரியில இருக்கோம். இல்ல, பயப்படாத. உங்கம்மாவ பெட்ரோல் பங்க்ல மறந்துட்டு மலையேறிட்டேன்... ஆமா, நெஜமாத்தான்... ஆமா, உங்கம்மா உசுரோடதான் இருக்கா. என்னைவிட நல்லா இருக்கா."

மகள் அந்தப் பக்கம் திட்டிய திட்டு ஆர்டிஸுக்கே கேட்டது. வெண்டல் ஒன்றும் குறுக்கே பேசாமல் முழுவதையும் வாங்கிக்கொண்டான்.

பில்லிங்ஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஸ்டென்ட் வைத்தார்கள். குளிர்காலத்தை சோன்யா வீட்டுக் கீழ்த்தளத்தில் கழித்தார்கள். கேரவனை விற்கவில்லை, பிரேக் மாற்றினார்கள். இனி மலை வேண்டாம் என்று வெண்டலே சொன்னான். ஆர்டிஸின் பயம் மட்டும் குறைந்தபாடில்லை. இப்போது எத்தனை தலைவலி வந்தாலும் அவள் முன் சீட்டில்தான் உட்காருகிறாள், கண்ணில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு. வெண்டல் அவ்வப்போது வலிக்கிறது என்று சொல்கிறான். சொன்னாலும் பயம்; சொல்லாவிட்டாலும் பயம்.

அடுத்த வசந்தத்தில் நெப்ராஸ்காவுக்குப் போனார்கள். தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி. அங்கே ஆற்று மணல்திட்டில் பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. விடியற்காலைக் குளிரில் மரத்தடுப்புக்குப் பின்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். வெளிச்சம் வந்ததும் கூட்டம் மொத்தமாக எழும்பியது. வானம் முழுக்க அவற்றின் சத்தம்.

"பறவையப் பாரு ஆர்டிஸ்," என்று வெண்டல் கிசுகிசுத்தான். "என்னை என்ன பாக்கற?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றாள் ஆர்டிஸ், அவன் நெஞ்சு ஏறி இறங்குவதிலிருந்து கண்ணை எடுக்காமல்.