கம்ப்யூட்டர் அறியாத சிவப்புப் புள்ளிகள்

1996 நவம்பர் 12, செவ்வாய். வழக்கம்போல் எட்டு மணிக்கு ராஜபாளையம் மில் மருந்தகத்தைத் திறந்தேன். கம்பவுண்டரான நான் எழுதிவைத்த பழைய காய்ச்சல் அட்டைகளைக் கொண்டு, அறிகுறிகளைச் சொன்னால் கொசுக்காய்ச்சலா என்று கணிக்க எங்கள் டாக்டர் கம்ப்யூட்டரைப் பழக்கியிருந்தார். தங்கை செல்வியின் காய்ச்சலையும் மூட்டுவலியையும் கொடுத்தேன். அவள் உடம்பில் கண்ட சிவப்புப் புள்ளிகளுக்கு அதில் இடமில்லை, விட்டுவிட்டேன். கொசுக்காய்ச்சல் இல்லை என்றது.

மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்வி வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

"அப்ப அம்மைதாண்ணே. ஒம்ம மிசினே சொல்லிட்டு, பொறவு எதுக்கு மூஞ்சியத் தூக்கிட்டு இருக்கீரு?" என்று சிரித்தாள். வாசலில் வேப்பிலை செருகினோம்.

வியாழனன்று இறந்துபோனாள். டெங்கு என்றார்கள், அதே கொசுக்காய்ச்சல்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அட்டைகளைப் புரட்டினேன். ஒன்றில்கூடப் புள்ளிகள் இல்லை. புள்ளி கண்டவர்கள் அம்மை என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மருந்தகத்துக்கு வந்ததே இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகச் செல்வியின் பெயரில், புள்ளிகளையும் சேர்த்து, அட்டை எழுதினேன். வேப்பிலை செருகிய வாசல்களுக்கு இப்போது அட்டைகளோடு நானே போகிறேன்.