ராஜா கட்டாத ஸ்டேஷன்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தை இடித்து இரண்டாவது பாதை போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அதைக் காப்பாற்ற மனு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். புத்தகம் படிக்கிறவன் மனுவும் எழுதுவான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. எழுதினேன்: ‘ராஜா காலத்துக் கட்டடம்.’ எங்கள் பக்கம் ஓட்டுக் கூரையும் கல்தூணும் சேர்ந்து நின்றால் ராஜா காலத்ததுதான், யாரும் விசாரிப்பதில்லை. ஊரே கையெழுத்துப் போட்டது.

அதிகாரி பார்வையிட வருகிற அன்று காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். உட்கார முடியவில்லை. பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். சரிந்த கூரை, வளைவு வைத்த டிக்கெட் ஜன்னல், நான்கு கருங்கல் தூண்கள். மூன்றாவது நடையில்தான் நினைவு வந்து தொலைத்தது. ஒன்றாம் வகுப்பில் காகிதக் கொடியோடு இதே இடத்தில் வரிசையில் நின்று முதல் ரயிலுக்குக் கையாட்டியவன் நான். அன்றைக்கு இந்தச் சுவரில் வெள்ளையடித்த ஈரம்கூடக் காயவில்லை. என்னைவிட இளைய கட்டடத்துக்கு ராஜாவை அப்பாவாக்கி, அதற்கு ஊர்ச் சாட்சியும் வாங்கியிருக்கிறேன்.

அதிகாரி வந்தார். ஒரு தூணைத் தட்டிப் பார்த்து, எந்த ராஜா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தினமும்போல் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்தார். பக்கத்துத் தெருக் கொத்தனார். மனுவில் அவர் கையெழுத்தும் உண்டு.

“ராஜாவும் இல்ல, மந்திரியும் இல்ல சாரே. இத நிறுத்துனது நானாக்கும். மூணாவது தூணு ஒரு விரக்கட சரிஞ்சிருக்கும், பாத்துக்கிடுங்க.”

பார்த்தோம். ஒரு விரல் அகலத்துக்குச் சரிந்திருந்தது.

பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீர் என்று அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டேன்.

“ராஜா பேரச் சொன்னா நிக்கும்னா நின்னுட்டுப் போட்டும்னு நெனச்சேன். அவரு தூணத் தட்டுனப்ப மனசு கேக்கல்ல மக்கா.”

அதிகாரியிடமே மனுவையும் பேனாவையும் வாங்கி ராஜாவை அடித்தேன். ‘கட்டியவர் உயிரோடு இருக்கிறார், தினமும் வந்து பார்க்கிறார்’ என்று மேலே எழுதினேன். அதிகாரி மனுவைப் பையில் வைத்து அடுத்த பாசஞ்சரில் ஏறிப் போனார்.

இடிக்கிற கட்டடத்தில் முதலில் சிவப்பு பெயிண்டால் நம்பர் போடுவார்களாம். அதனால் இப்போதெல்லாம் காலையில் நானும் போகிறேன். கொத்தனார் பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிறார். நான் சுவரைச் சுற்றி வருகிறேன்.